பன்னீர் திராட்சை பழகிய மூக்குக்கு ஒரு வெள்ளை ஒயின்

குமுளியில் ஒரு விடுதியின் உணவகத்தில் பதினோரு வருடம் பரிமாறினேன். புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி, தங்கைகள் ஒயின் பட்டியலைக் கையில் எடுத்ததும் ஒரு பெயரில் வந்து நின்றுவிடுவார்கள். கெவுர்ட்ஸ்திரமீனர். படிக்கவே வராது, விருந்தாளி கேட்டால் என்ன சொல்வது என்றும் தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒயின் என்றாலே சிவப்பு, இனிப்பு, கிறிஸ்துமஸ் கேக் என்று மட்டும் அறிந்தவர்களுக்கும் இது பயன்படும்.

வெள்ளை ஒயினைப் பழகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல திராட்சை இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஏனென்றால் இதன் மணம் நமக்குப் புதிதே இல்லை. கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிக்கிறார்களே, அந்த மணத்தில் பெரும்பகுதி இதில் இருக்கிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சையைத் தின்று வளர்ந்தவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

முதலில் சட்டம். மது அருந்தும் வயது கேரளத்தில் 23, தமிழ்நாட்டில் 21. குமுளியில் வாங்கிய புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடி தாண்டி லோயர் கேம்புக்கு இறங்காதீர்கள். ஒரு மாநிலத்தில் வாங்கியதை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. குடிக்காதவர்களும் இந்தப் பாடத்தில் முக்கால்வாசியைச் செய்து பார்க்கலாம், மூக்கு ஒன்று போதும். ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிடுகிறார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பெயரைப் பிரித்துச் சொல்லுங்கள்

கெ-வுர்ட்ஸ்-திர-மீ-னர். ஐந்து முறை சத்தமாகச் சொன்னால் வாய்க்கு வந்துவிடும். 'கெவுர்ட்ஸ்' என்றால் ஜெர்மன் மொழியில் மசாலாப் பொருள். 'திரமீனர்' என்றால் திரமீன் ஊர்க்காரர் என்று பொருள். திரமீன் இத்தாலியின் வடக்கே, ஜெர்மன் பேசும் தென் டிரோல் மலைநாட்டில் இருக்கும் ஊர். எல்லை நாட்டுப் பழம் இது. பேச்சு ஒன்று, ஆட்சி வேறு என்ற நிலைமையைக் குமுளிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மசாலா என்ற பெயரைக் கேட்டுப் பலர் ஏமாறுவார்கள். தேக்கடிச் சாலையோரக் கடைகளில் அடுக்கியிருக்கும் ஏலம், கிராம்பு, பட்டை எதுவும் இந்த ஒயினில் சேர்வதில்லை. 'மணமுள்ள திரமீனர்' என்பதுதான் அந்தப் பெயர் சொல்ல வருவது. மணம் குறைந்த பழைய திரமீனர் கொடியில் தானாக நேர்ந்த ஒரு மாற்றத்தால் பிறந்த மணமான வகை இது. அந்தப் பழைய குடும்பத்துக்குச் சாவன்யான் என்றும் பெயர் உண்டு. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் ஏராளமாக விளையும் செனின் பிளாங், சோவிஞ்யோன் பிளாங் என்ற வெள்ளை ஒயின் திராட்சைகள் இரண்டும் அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம் என்று மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது.

இனிமேல் சுருக்கமாகக் கெவுர்ட்ஸ் என்றே சொல்கிறேன். பரிமாறுபவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒயினைத் தொடுமுன் ஒரு தோட்டம்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

குமுளியிலிருந்து இறங்கினால் கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று வழியெங்கும் பந்தல்கள். சாலையோரத்தில் கேரள வண்டிகள் வரிசையாக நிற்கும். பந்தலுக்கடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பெட்டி பெட்டியாக வாங்கிப் போவார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை அது. உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. பழம் கருப்பு. அதன் தாய் தந்தையரில் ஒன்று, அலெக்சாண்டிரியா மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சை. மஸ்கட் குலம் முழுவதுமே மணத்துக்குப் பேர்போனது.

முதன்முதலில் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு அண்ணன். குலையைப் பறித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நெறத்தப் பாத்து ஏமாறாத தம்பி. தோலக் கடிச்சு மெல்லு. வாசமே தோல்லதான் இருக்கு."

"தோல் கசக்குமேண்ணே?"

"கசக்கும். கசப்பு வர்றதுக்கு முன்னாடி என்ன வருதுன்னு கவனி."

வந்தது ரோஜா. அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குள் கெவுர்ட்ஸ் ஒயினின் முழு அமைப்பும் இருக்கிறது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. முதலில் பூ மணம், கடைசியில் மெல்லிய கசப்பு. கெவுர்ட்ஸும் அப்படியே நடக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. நன்றாகப் பழுத்த பன்னீர் திராட்சை ஒரு கைப்பிடி எடுங்கள். ஒரு பழத்தைப் பிதுக்கிச் சாற்றை மட்டும் வெள்ளைக் கிண்ணத்தில் விடுங்கள். தோல் கருப்பாக இருந்தும் சாறு வெளுத்திருக்கும். நிறம் தோலில்தான் இருக்கிறது. கெவுர்ட்ஸ் பழத்தின் தோல் இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்தது. பச்சைத் திராட்சை மாதிரி இருக்காது. சாற்றைத் தோலிலிருந்து சீக்கிரம் பிரித்துவிடுவதால் வெள்ளை ஒயின் கிடைக்கிறது. அப்படியும் கொஞ்சம் நிறம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் மற்ற வெள்ளை ஒயின்களைவிட இது அடர்ந்த பொன்னிறமாக இருக்கிறது, சிலசமயம் செம்பின் சாயலோடும்.

அடுத்து, தோலை மட்டும் வாயில் போட்டு மெதுவாக மென்று, மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். அந்த மணத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

மணப்பெட்டி தயாரியுங்கள்

மேல்நாட்டு ஒயின் புத்தகங்களைத் திறந்தால் நாம் மோந்தே பார்த்திராத பழங்களின் பட்டியல் வரும். அவற்றை மனப்பாடம் செய்து விருந்தாளியிடம் ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும். அறியாத பழத்தின் பெயரைச் சொல்வதைவிட, அறிந்த பூவின் பெயரைச் சொல்வது நேர்மை. கெவுர்ட்ஸுக்கு நம் ஊர்ச் சாமான்களே போதும்.

ஆறு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பன்னீர் ரோஜா இதழ். பூக்கடையில் கட்டுக்கு வாங்கும் நாட்டு ரோஜாதான் வேண்டும், பூங்கொத்து ரோஜாவில் மணம் இருக்காது. இரண்டாவதில் தோல் உரித்த லிச்சி. கிடைக்காவிட்டால் டப்பாவில் அடைத்த லிச்சி போதும். கேரளச் சந்தையில் பருவத்தில் குவியும் ரம்புட்டான் லிச்சிக்கு உறவுதான், ஆனால் மணம் மெலிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வையுங்கள். மூன்றாவதில் தட்டிய இஞ்சி ஒரு துண்டு. நான்காவதில் கமலா ஆரஞ்சுத் தோல். ஐந்தாவதில் குல்கந்து. ஆறாவதில் தேன்.

மேலே தட்டு போட்டு மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொள்ள, வீட்டில் யாராவது ஒவ்வொன்றாக நீட்டட்டும். இரண்டு மூன்று நாள் பழகினால் தடுமாறாமல் சொல்லிவிடுவீர்கள்.

ரோஜாவும் லிச்சியும் ஒரு ஒயினில் எப்படிச் சேர்ந்தன? ரோஜா இதழில் இருக்கும் ஜெரானியால் என்ற பொருள் பன்னீர் திராட்சையிலும் உண்டு, கெவுர்ட்ஸிலும் உண்டு. ஆனால் கெவுர்ட்ஸுக்குத் தனி அடையாளம் தருவது சிஸ்-ரோஸ் ஆக்சைடு என்ற இன்னொரு பொருள். மிகச் சிறிய அளவே இருந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் லிச்சிப் பழத்தையும் கெவுர்ட்ஸ் ஒயினையும் பக்கத்தில் வைத்துப் பகுத்துப் பார்த்தார்கள். இந்தப் பொருள் உட்பட, மணம் தருகிற பலவும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தன. ஆக, லிச்சி மணம் என்று சொல்வது வெறும் வர்ணனை இல்லை, இருக்கிற பொருளைத்தான் சொல்கிறோம்.

இன்னொரு விஷயம். பழத்திலுள்ள மணப்பொருட்களில் ஒரு பங்கு சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடக்கும். நொதிக்கும்போதும், அதற்குப் பிறகும், அந்தப் பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். பழத்தில் தெரியாத மணம் ஒயினில் தெரிய இதுவும் ஒரு காரணம்.

மலைக்குக் கிழக்கே ஒரு பள்ளத்தாக்கு

கெவுர்ட்ஸுக்கு இன்று பேர்போன இடம் பிரான்சின் கிழக்கு எல்லையிலுள்ள அல்சாஸ். அந்த ஊரை நான் வரைபடத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்தவுடன் புரிந்துவிட்டது, நம் கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்புதான். மேற்கே வோஜ் மலைத்தொடர். மழை மேகம் மேற்கிலிருந்து வந்து மலையில் மோதி அந்தப் பக்கமே கொட்டிவிடும். கிழக்குச் சரிவில் மழை குறைவு. அங்கிருக்கும் கோல்மார், பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் ஒன்று. குமுளியில் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, கூடலூரில் வெயிலில் இறங்கியவர்களுக்கு மழைமறைவு என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். காய்ந்த காற்று திராட்சைக்கு நல்லது, பூஞ்சை நோய் குறையும்.

ஒற்றுமை அதோடு சரி. அல்சாஸில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். வருடத்துக்கு ஒரே அறுவடை, பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். கம்பத்தில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து செய்தால் துளிர்த்து, சுமார் நாலு மாதத்தில் பழம். ஆளுக்கொரு நாளில் கவாத்து செய்வதால் வருடம் முழுக்கச் சந்தைக்குப் பழம் வந்துகொண்டே இருக்கிறது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் அதற்கு ஆதாரம்.

அப்படியானால் இங்கேயே கெவுர்ட்ஸ் நட்டால் என்ன? தோட்டக்காரர்கள் என்னிடம் கேட்டதுண்டு. இந்தப் பழத்தில் இயல்பாகவே புளிப்பு குறைவு, சர்க்கரை வேகமாக ஏறும். சூடான ஊரில் மணம் நிறையும் முன்னே சர்க்கரை ஏறிவிடும், இருக்கிற கொஞ்சப் புளிப்பும் கரைந்துவிடும். மந்தமான, சூடேற்றும் ஒயின்தான் மிஞ்சும். இரவுக் குளிர் அதற்குத் தேவை. பந்தலில் பன்னீர் இருக்கட்டும். அது இந்த மண்ணுக்குப் பழகிய கொடி.

புட்டி வாங்கும்போது

எல்லாக் கடையிலும் கிடைக்காது. இறக்குமதி வரி சேர்வதால் விலையும் கனக்கும். நாலு பேர் சேர்ந்து ஒரு புட்டி வாங்கிப் பழகுவதுதான் சரியான வழி. தலைக்கு ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவாக வரும், கற்க அது தாராளம்.

அல்சாஸ் புட்டி ஒடுங்கி உயரமாக இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். லேபிளில் முதலில் தேட வேண்டியது இனிப்பின் அளவு. நான் சேர்ந்த காலத்தில் இதுதான் பெரிய தலைவலி; ஒரே பெயர் போட்ட இரண்டு புட்டிகளில் ஒன்று துளியும் இனிக்காது, மற்றொன்று பாகு மாதிரி இருக்கும். 2021 அறுவடையிலிருந்து அல்சாஸில் இதை லேபிளில் குறிப்பது கட்டாயம் ஆகிவிட்டது. 'செக்' என்றால் இனிப்பில்லாதது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைக்கு மேல் போகாது. 'தெமி-செக்' 12 கிராம் வரை. 'முவாலு' 45 வரை. அதற்கும் மேலே 'தூ'. 'வெந்தாஞ் தார்தீவ்' என்று போட்டிருந்தால் தாமதமாகப் பறித்த பழத்தில் செய்தது. பெரும்பாலும் இனிப்பு, விலையும் கூடுதல். தொடக்கத்துக்குத் தெமி-செக் வாங்குங்கள். நம் நாக்குக்கும் நம் சாப்பாட்டுக்கும் அது ஒத்துவரும்.

இனிப்பில்லாத வகையை அறுவடையான மூன்று நான்கு வருடத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. பூ மணம்தான் முதலில் வாடும். கடையில் வெயில் படும் அலமாரியில் நின்ற புட்டி வேண்டாம். தக்கை மேலே தள்ளியிருந்தால், கழுத்தில் கசிந்த பிசுபிசுப்பு இருந்தால் சூடு பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

குளிர் அளவு

வேலையில் சேர்ந்த முதல் வருடம். ஒரு வெளிநாட்டுத் தம்பதி கெவுர்ட்ஸ் கேட்டார்கள். குளிர்ந்தால் நன்றாக இருக்கும் என்று எண்ணி, புட்டியை உறைபெட்டியில் வைத்து, பனி படிந்த நிலையில் கொண்டுபோய் ஊற்றினேன். அந்த அம்மா மோந்து பார்த்துவிட்டு, கோபப்படாமல், கிண்ணத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார். பத்து நிமிடம் பொத்தியிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். மேசை முழுக்க ரோஜா.

அதிகக் குளிரில் மணம் எழும்பாது. அதிகச் சூட்டில் சாராய நெடி முந்திக்கொள்ளும். 10-லிருந்து 12 டிகிரி சரி. குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் இரவு வைத்து, ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன் வெளியே எடுங்கள். டிசம்பர் மாதக் குமுளிக்கு இந்தக் கணக்கு. சித்திரை மாதக் கம்பத்தில் எடுத்த ஐந்து நிமிடத்தில் ஊற்றிவிட வேண்டும்.

கிண்ணம் வாய் ஒடுங்கி, வயிறு அகன்று இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மணம் தங்க இடம் வேண்டும்.

பார்த்து, மோந்து, ருசித்து

நிறத்தை வெள்ளைத் துணிக்கு மேல் பிடித்துப் பாருங்கள். பொன்னிறம் தெரிந்தால் போதும், அதிலேயே நின்றுவிடாதீர்கள்.

மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டு, குட்டி குட்டியாக இரண்டு மூச்சு. பிறகு எடுத்துவிட்டு யோசியுங்கள். தொடர்ந்து மோந்தால் மூக்கு மரத்துவிடும். மணப்பெட்டியின் எந்த டம்ளர் நினைவுக்கு வருகிறது? பெரும்பாலும் லிச்சியும் ரோஜாவும் முந்திக்கொண்டு வரும். கிண்ணத்தைச் சுழற்றியபின் இஞ்சி, ஆரஞ்சுத் தோல். தாமதமாகப் பறித்ததில் தேனும் குல்கந்தும். ஒன்றுமே தோன்றாவிட்டால் பன்னீர் திராட்சைத் தோலை மறுபடி மென்றுவிட்டு வாருங்கள்.

இப்போது முக்கியமான ஒரு பயிற்சி. மூக்கை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். இனிக்கிறதா? மூக்கைத் திறந்தபடி குடித்தால் இனிப்பில்லாத கெவுர்ட்ஸும் இனிப்பதுபோலத் தோன்றும். இனிப்பான பண்டங்களோடு பழகிய மணம் மனதைத் திருப்பிவிடுகிறது. மூக்கை மூடினால் நாக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லும். 'இது இனிப்பு ஒயின்' என்று விருந்தாளியிடம் தவறாகச் சொல்லாமலிருக்க இந்தப் பயிற்சி என்னைப் பலமுறை காப்பாற்றியது.

விழுங்கியபின் வாய் எவ்வளவு நீர் ஊறுகிறது என்று கவனியுங்கள். எலுமிச்சை நினைத்தாலே ஊறுமே, அதுதான் புளிப்பின் அளவுகோல். கெவுர்ட்ஸில் குறைவாகவே ஊறும். பக்கத்தில் நாசிக் சோவிஞ்யோன் பிளாங் ஒரு மடக்கு வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தொண்டையில் சூடு இறங்கும். 13, 14 சதவீதம் சாராயம் சாதாரணம். கடைசியில் அந்த அண்ணன் சொன்ன தோல் கசப்பு வரும். அதைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கசப்பு இல்லாவிட்டால் இத்தனை மணமும் திகட்டிவிடும்.

எதோடு சாப்பிடலாம்

'காரமான ஆசியச் சாப்பாட்டுக்குக் கெவுர்ட்ஸ்' என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அப்படியே நம்பாதீர்கள். நம் காரத்தோடு பெரும்பாலும் புளியும் சேர்ந்துதான் வருகிறது. புளிப்பு குறைந்த ஒயினுக்குப் பக்கத்தில் குடம்புளி போட்ட மீன் கறியோ ரசமோ வைத்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். மிளகாய்க் காரத்தைச் சாராயம் இன்னும் தூண்டிவிடும்.

பொருந்துவது தேங்காய்ப்பால். ஆப்பமும் இஷ்டுவும், மீன் மொய்லி, இஞ்சி தூக்கலாகப் போட்ட கோழிக்குருமா. தேங்காய்ப்பாலின் இனிப்பும் கொழுப்பும் கசப்பைத் தணிக்கும், இஞ்சி இஞ்சியோடு கைகோக்கும். மிளகுக் காரமும் ஏலமும் மிளகாயைவிடச் சிநேகமானவை. வாத்து வறுவலோடு தெமி-செக் வைத்துப் பாருங்கள், எனக்குப் பிடித்த சேர்க்கை அது. அல்சாஸ்காரர்கள் கடும் வாடை வீசும் முன்ஸ்தேர் பாலாடைக்கட்டியோடு, சீரகம் சேர்த்து, இதைக் குடிக்கிறார்கள். மணத்துக்கு மணம் ஈடு என்ற கணக்கு போல.

மிச்சமும் அடுத்ததும்

திறந்த புட்டியைத் தக்கையால் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஒரு மடக்கு எடுத்து மோந்து பாருங்கள். எந்த மணம் முதலில் போகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு புட்டியில் மூன்று பாடம் கிடைக்கும்.

அடுத்த புட்டி எது என்று கேட்டால், அல்சாஸ் மஸ்கட், இனிப்பில்லாதது. வெள்ளைத் திராட்சையில் செய்வது, நம் பன்னீர் திராட்சைக்கு உறவு. ஒயின் என்ற பானத்தில் திராட்சை மணமே திராட்சை மணமாக வீசுவது அபூர்வம், மஸ்கட்டில் அது வீசும். அதைத் திறக்கும் நாளில் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு குலை பழம் வாங்கி வந்து பக்கத்தில் வையுங்கள். ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் பழம். மாற்றி மாற்றி மோந்து பாருங்கள்.